இரண்டாம் ஆட்டத்தில் தூங்கியவள்

எம்.சி. ரோட்டில் டிசம்பர் மாதம்
காலை ஒன்பதரைக்கு ஷட்டர் ஏறினால்
கால் என்று ஒன்று இருப்பதே
சாயந்திரம் ஐந்து மணிக்குத்தான் தெரியும்.
நைட்டி, உள்பாவாடை, கட்பீஸ்,
"இதுல வேற கலர் காட்டும்மா."
கிறிஸ்துமஸுக்கு வெள்ளை கவுன்,
பொங்கலுக்கு இப்போதே மஞ்சள்,
நடுவே மாலை போட்ட ஒருவர்
மங்காத கறுப்பு வேட்டி கேட்டு நிற்கிறார்.

ஜெசிந்தாதான் டிக்கெட் எடுத்திருந்தாள்.
நேற்று ரிலீஸான படம்,
இரண்டாம் ஆட்டம், நாலு பேர்.
மடித்து அடுக்கிக் கணக்கு முடிய பத்தேகால்.
ஷேர் ஆட்டோவில் என் மடியில் தில்ஷாத்,
தில்ஷாத் மடியில் எல்லாருடைய டிபன் பாக்ஸும்.
தண்டையார்பேட்டைக் கொட்டாய் வாசலில்
கட்அவுட்டுக்கு ஊற்றிய பாலை
ஒரு நாய் அவசரமில்லாமல் நக்கிக்கொண்டிருந்தது.

பெயர் போட்டதும் விசில்.
மேலேயிருந்து காகிதத் துண்டுகள் பறந்தன.
என் தலையில் விழுந்ததை எடுத்துப் பார்த்தேன்:
"நைட்டி 2, பாவாடை 1, நன்றி மீண்டும் வருக."
எங்கள் பேக்கிங் ரியாஸ்
பழைய பில் புக்கைக் கிழித்துக் கொண்டுவந்திருக்கிறான்.

உட்கார்ந்தேன்.
அன்றைக்கு முதல் தடவையாக.
சீட்டுக் கம்பி தொடையில் குத்தியது,
குத்தட்டும்.
ஹீரோ புழுதிக்குள் நடந்து வந்தார்,
வந்தார்,
வந்துகொண்டே இருந்தார்.
அவர் வந்து சேர்ந்தாரா, தெரியாது.

சமோசா வாசனையில் ஒருமுறை விழித்தேன்.
"வில்லன் என்னா பேச்சு பேசினான், தூங்கிட்டியேடி"
என்று தில்ஷாத் தலையில் அடித்துக்கொண்டாள்.
பாதியையாவது பார்க்கிறேன் என்றேன்.
அடுத்து எனக்குத் தெரிந்தது
துடைப்பக்காரர் தட்டிய நாற்காலிச் சத்தம்.

மறுநாள் நடுராத்திரிப் பூசை முடிந்து
காசிமேட்டுக் கோயில் மைதானத்தில் நாடகம்.
எங்கள் கடைச் சிவப்பு வெல்வெட் நாலு மீட்டர்
முதலாளிக்குத் தெரியாமல் வந்து
ஏரோது ராஜாவின் தோளில் ஊக்கு குத்தி நின்றது.
ராஜா, ஜெசிந்தா புருஷன் பெலிக்ஸ்;
பகலில் விசைப்படகு இன்ஜின் ரிப்பேர்,
நகத்தில் கிரீஸ் போகவில்லை.
ஒட்டகத்தின் பின்னங்கால்கள் ரியாஸ்.
கூடுதல் கூலி ஒரு பிரியாணி.

நாற்காலி கிடைக்கவில்லை.
ஜெனரேட்டர் பக்கம் நின்றோம்.
ஞானிகள் வந்து குழந்தையைப் பற்றிக் கேட்டார்கள்.
ராஜா வாயைத் திறந்தார்,
மூடினார்.
திரைக்குப் பின்னால் ஜெசிந்தா எடுத்துக்கொடுத்த வசனம்
மைக்கில் எங்களுக்கே கேட்டது.
அவருக்குக் கேட்கவில்லை.

கடல்காற்று மட்டும் கொஞ்சநேரம்.

அப்புறம் பெலிக்ஸ் ஒரு கையைத் தூக்கி,
அங்கிக்கு அடியில் விலைச்சீட்டு ஆட,
"இந்த ஊர்ல பொறக்குறதுக்கும்
என்கிட்டதான்டா டோக்கன் வாங்கணும்!" என்றார்.

மைதானம் இடிந்து விழுந்தது.
ஒட்டகம் நடுவில் உடைந்து இரண்டானது.
முன்வரிசையில் பாதர் துண்டால் முகத்தை மூடினார்,
தோள் மட்டும் குலுங்கியது.
தில்ஷாத் என் கையைக் கிள்ளி,
"இதுதான்டி, இதுதான் நேத்து நீ தூங்கின சீன்" என்றாள்.
என்னால் பதில் சொல்ல முடியவில்லை.
சிரித்ததில் வயிறு பிடித்துக்கொண்டு
இரும்புத் தூணைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இருபத்தாறாம் தேதி
சபாபதி தெருவிலிருந்து வந்த ஒரு அம்மா
அதே வெல்வெட்டில் முக்கால் மீட்டர் கேட்டார்.
ஊக்குத் துளை இல்லாத பக்கமாகத் திருப்பி
அளந்து வெட்டினேன்.
"பில்லுக்கு எங்கம்மா போகணும்?"
"நேரா போய், அந்தக் கவுண்டர்ல
டோக்க..."

அதற்குமேல் வரவில்லை.
அந்த அம்மா என்னையே பார்த்தார்.
மூன்று ரேக் தள்ளி ஜெசிந்தா
சேலைக் குவியலுக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.