கிருமாம்பாக்கம்

கோடை முழுக்கக் குடித்தார்.
சிறுநீரகத்தில் கல் என்றார் ஒருவர்,
பிரஷருக்கு உப்பு விஷம் என்றார் இன்னொருவர்.
இரண்டு பேர் பேச்சையும் கேட்டார்.
ஸ்டியரிங் பக்கத்தில் ஐந்து லிட்டர் கேன்,
சோற்றில் ஒரு கல் உப்பில்லை.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான்.
தின்னாதவன் குடித்தால் என்ன ஆகுமென்று
பழமொழியில் இல்லை.

கன்னியக்கோவில் தாண்டி பஸ்ஸை ஓரங்கட்டி
"அடுத்த ஸ்டாப் எது?" என்று
கண்டக்டர் தீர்த்தமலையைக் கேட்டிருக்கிறார்.
பத்தொன்பது வருடம் ஓட்டிய தடம்.
வண்டி நிறைய ஜனம் சிரித்ததாம்.
அவர் சிரிக்கவில்லையாம்.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில்
சோடியம் நூற்றுப் பதினாறு.
"நூற்று நாற்பது இருக்கணும்மா.
ரத்தத்தில் உப்பு குறைஞ்சா
தண்ணி மூளைக்குள்ள ஏறி ஊதும்.
மண்டை ஓடு விரியுமா?"
அப்போ ஒரேயடியா ஏத்திடுங்க டாக்டர்.
"கூடாது. ஒரு நாளைக்கு எட்டு.
வேகமாப் போனா நரம்போட உறை உரிஞ்சிடும்."
வேகத்தைப் பற்றி
டிரைவர் பெண்டாட்டியிடம் சொல்கிறாள்.

பாட்டிலில் மூன்று சதவீத உப்புநீர்.
தேவனாம்பட்டினத்துக் கடல் மூன்றரையாம்.
பக்கத்தில் அத்தனை பெரிய கடல் கிடக்க
இங்கே சொட்டுச் சொட்டாய் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நூற்றிருபத்தொன்றில் ஆல்பேட்டை சொன்னார்.
நூற்றிருபத்தாறில் பாலம் தாண்டி
பெரியகங்கணாங்குப்பம், ரெட்டிச்சாவடி.
முள்ளோடையை மட்டும் முதல் நாளே சொல்லிவிட்டார்,
சாராயக்கடை வாசலுக்கு உப்பு வேண்டாம் போல.
கன்னியக்கோவில்...
அங்கேயே நின்றார்.

வீட்டுக்கு வந்தோம். நாளைக்கு ஒரு லிட்டர்தான்.
பாட்டிலில் மார்க்கர் கோடு,
கக்கூசில் அளவுக் குவளை.
ஏறியது இத்தனை, இறங்கியது இத்தனை,
நானும் டிரிப் ஷீட் எழுதுகிறேன்.
வாய் கொப்பளிக்கும் சாக்கில் விழுங்குகிறார்,
தொண்டைக்குழி காட்டிக்கொடுக்கிறது.

நேற்று ராத்திரி நான் மட்டும்
கருவாட்டுக் குழம்பு தின்றேன்.
நாக்கு வறண்டது, இரண்டு சொம்பு குடித்தேன்,
மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து போய்வந்தேன்.
அவ்வளவுதான், சரியாகிவிட்டது.
கோடு போடாமல், குவளை வைக்காமல்
எனக்குள் யாரோ
நைட் டூட்டி பார்க்கிறார்கள்.
இத்தனை வருடமாய் ஒருநாள்கூட
லீவு கேட்டதில்லை.

இன்று நூற்று முப்பத்து நான்கு.
மிச்சமிருந்த நாற்பது மில்லியை
மருந்து மாதிரி உறிஞ்சி முடித்தவர்
செல்லை எடுத்துத் தீர்த்தமலையைக் கூப்பிட்டார்.
"கிருமாம்பாக்கம்" என்றார்.
வேறொன்றும் பேசாமல்
வைத்துவிட்டார்.