குறிப்பு என்ற கட்டத்தில்

ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை
க்ரௌவீக் துறைமுகத்தில்
இறங்குபாலத்தின் சங்கிலி அறுந்தது.
அதைச் சேர்க்கத் தெரிந்தவன்
இந்தக் கரையில் ஒரே ஒருவன்.
அவன் எண்
ஸ்டெய்ன்வோரின் மடிக்கணினிக்குள்.
ஸ்டெய்ன்வோரோ டெனரீஃப் தீவில்
செல்பேசியை அணைத்துவிட்டு
வெயிலுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தாள்.

த்ராயின் தன் தொடர்புகளில் தேடினான்:
முடிவெட்டுகிறவர், வங்கி,
முன்னாள் மனைவிகள் இருவர்.
என்னுடையதில் ஏழு குட்முந்துர்கள்.
ஐஸ்லாந்தில் அப்படித்தான்,
அதிபரும் மீன் அறுப்பவளும்
முதற்பெயரைச் சொல்லித்தான்
அகரவரிசையில் நிற்க வேண்டும்.
ஏழு பேரையும் எழுப்பினேன்.
ஒருவனுக்கும் சங்கிலி தெரியவில்லை.

கப்பல் நான்கு மணி நேரம்
கைக்கெட்டும் தூரத்தில் ஆடிக்கொண்டு நின்றது,
இருபத்தாறு பேரும் ஒரு பியானோவுமாக.

ஸ்டெய்ன்வோர் வந்தாள், மூக்குத் தோல் உரிந்து.
"எல்லாவற்றையும் பொதுவில் வை" என்றோம்.
அஞ்சல் செயலியில் புதிய பட்டியல் திறந்தேன்.
பெயர்: துறைமுகம், எல்லோருக்கும்.
பார்க்க ஐந்து பேர்.
திருத்த இரண்டு பேர், அவளும் நானும்.
சுட்டியின் மேல் அவள் விரல்
கொஞ்சம் நின்றது.
பதினாறு வருடச் சேமிப்பு.
பிறகு சொடுக்கினாள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேர்
ஐந்து திரைகளில் வந்து இறங்கினார்கள்.

குறிப்புகளும் கூடவே வந்தன.
அதை அவளும் நினைக்கவில்லை, நானும்.

ஸ்னைபியோர்ன், பளுதூக்கி.
முதலில் குதிரையை விசாரிக்கவும்.
குதிரையின் பெயர் ஸ்குக்கி.

ஆல்ப்தீஸ், சுங்கம்.
கடிதத்துக்குப் பதில் வராது.
கேக்குக்கு வரும்.

தாக்பியார்த்துர், டீசல்.
வியாழக்கிழமைகளில் நல்லவன்.

மீன் ஆலை மேலாளர், புதியவர்.
பழையவரே தேவலை.

ஓர்ன், சங்கிலி.
செவ்வாய் மாலை தேவாலயத்தில் பாட்டுப் பயிற்சி,
செல்பேசி கோட்டுப் பையில் கிடக்கும்.
ஏழேகாலுக்கு இடைவேளை. அப்போது கூப்பிடவும்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
அந்தச் செவ்வாய் முழுக்க
பாட்டுக்காரர்கள் தேவாலயத்தில் காத்திருந்தது
கப்பலில் இருந்த அதே பியானோவுக்காகத்தான்.

த்ராயின் சிரித்துக்கொண்டே
அடுத்ததைச் சத்தமாக வாசித்தான்.
த்ராயின், அலுவலகம்.
'சரி' என்றால் 'பார்க்கலாம்' என்று பொருள்.
'பார்க்கலாம்' என்றால்
நீயே செய்துவிடு.

காபி இயந்திரம் மட்டும் இருமியது.
ஸ்டெய்ன்வோர் மூக்கைத் தேய்த்தாள்.
"அழித்துவிடுகிறேன். எனக்கு உரிமை இருக்கிறதே."
"எனக்கும் இருக்கிறது" என்றேன். "கை வைக்காதே."
த்ராயின் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றான்.
வெகுநேரம் கழித்து,
"பார்க்கலாம் என்று அவ்வளவு அடிக்கடியா சொல்கிறேன்?"
யாரும் பதில் சொல்லவில்லை.
சொல்ல என்ன இருக்கிறது,
பட்டியலில் இருக்கிறது.

மார்ச்சில் சங்கிலி மறுபடி அறுந்தது,
மறுபடி செவ்வாய்.
ஏழேகால் வரை பொறுத்தோம்.
இரண்டாம் மணியில் ஓர்ன் எடுத்தான்,
அவனுக்குப் பின்னால்
யாரோ சுருதி தேடிக்கொண்டிருந்தார்கள்.
எட்டுக்குள் வண்டிகள் கரையேறின.
அறிக்கை எழுத ஆள் கேட்டபோது
"சரி" என்றான் த்ராயின்.
என்னைப் பார்த்தான்.
உட்கார்ந்து எழுதியும் விட்டான்.

எல்லோரும் போன பிறகு
தேடும் கட்டத்தில்
என் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினேன்.
மீதியை அதுவே நிரப்பியது.

பெர்க்ரோஸ், அலுவலகம்.
நள்ளிரவிலும் எடுப்பாள்.
முதலில் திட்டுவாள்.
முடிக்கும்வரை பொருத்திருக்கவும்.
பிறகு கிளம்பி வந்துவிடுவாள்.

திருத்தும் உரிமை இருந்தது எனக்கு.
வெளியே பனி உழும் வண்டி
மஞ்சள் விளக்கோடு ஒருமுறை கடந்து போனது.
'பொறுத்திருக்கவும்' என்று
ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டு
விளக்கை அணைத்தேன்.