சேஷ்டபுத்திரபாகம்

ஆதாமை மேலே எழுதினால்
யோசேப்புக்குக் கரும்பலகையில் இடம் போதாது.
அதனால் பழைய காலண்டர் தாள்களைத் திருப்பி
ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி
வம்சத்தை அதன் முதுகில் தொங்கவிட்டிருக்கிறேன்.
பள்ளியாடி, சபையின் சைக்கிள் கொட்டகைக்குப் பக்கம்,
ஞாயிறு பள்ளி இரண்டாம் வகுப்பு.
பதினோரு பிள்ளைகள், இரண்டு பாய்.

சேத் பெற்றான், ஏனோஸ் பெற்றான், கேனான் பெற்றான்.
"எல்லாம் ஆம்பிளைகளாக்கும் பெத்திருக்கு" என்றாள் பெனிஷா.
"அம்மைமாரு எங்க டீச்சர்?"
குமாரத்திகளும் உண்டு, பெயர்தான் எழுதவில்லை என்றேன்.
"பெயர் இல்லாம எப்பிடி சோறு உண்ணக் கூப்பிடுவாவ?"
அந்நேரம் நாகர்கோவில் பாசஞ்சர் போனது.
பதில் சொல்லாமலிருக்க
அந்த ரயில் எனக்கு அடிக்கடி உதவும்.

அன்றைக்குப் பாடம் ஏசா.
வார்த்தையை மூன்றாக நறுக்கிக் கொடுத்தேன்:
சேஷ்ட. புத்திர. பாகம்.
ஸ்டெபினுக்குப் பல் விழுந்த ஓட்டையில்
'ஷ்' வழுக்கி எச்சில் தெறித்தது.
சிரிப்பு அடங்கியபின்
மூத்தவனுக்கு வரும் பங்கு என்று விளக்கினேன்.
"எத்தன சென்ட்?" என்றான் ரெஜின்,
அடுத்தவர் ரப்பரை வெட்டுகிறவரின் மகன்.

கூழுக்கு விற்றான் என்றதை யாரும் நம்பவில்லை.
"வெறும் பயறு கூழுக்கா?"
"கோழி பிரியாணின்னாலும் சரி."
"மண்டன் அவன்."
ரெஜின் மட்டும் பாயின் கோரையைப் பிய்த்தபடி சொன்னான்:
"பசிச்சுல்லா வந்தான்.
தம்பி சும்மா குடுத்தா என்ன?"

பாடப் புத்தகத்தில் அதற்கு விடை இல்லை.
'நோக்கம்' என்ற கட்டத்துக்குள்
வாக்கு மாறாத தேவன் என்றிருந்தது.
அதை மூன்று தடவை சொல்லவைத்து அனுப்பினேன்.

செவ்வாய்க்கிழமை மார்த்தாண்டம் பத்திர ஆபீஸ்.
அப்பாவின் நாற்பத்திரண்டு சென்ட்டில்
எனக்கு யாதொரு உரிமையும் வேண்டாமென்று
நானே மனமுவந்து சொன்னதாக
நல்ல தமிழில் எழுதியிருந்தார்கள்.
போட்டோ, பெருவிரல் ரேகை, இரண்டு சாட்சி.
வெளியே வந்ததும் ஜஸ்டஸ் அண்ணன்
பழம்பொரியும் சாயாவும் வாங்கித் தந்தான்.
தின்றேன்.
சூடாக இருந்தது. நல்ல ருசி.

அடுத்த ஞாயிறு, கதையின் மற்றப் பாதி.
இருபது வருடம் கழித்துத் தம்பி திரும்பி வருகிறான்,
பயத்தில் ஆட்டையும் மாட்டையும் முன்னால் அனுப்பிவிட்டு,
நொண்டிக்கொண்டு.
படக்கட்டில் அந்த ஒரு படத்தைக் கரையான் தின்றிருந்தது.
சரி, நடித்துக் காட்டுங்கள் என்றேன்.
யாக்கோபாக எவனும் வரமாட்டேன் என்றான்.
கள்ளனாம்.
கடைசியில் பெனிஷா என் துப்பட்டாவைத் தலையில் சுற்றி
மணிக்கூண்டிலிருந்து
ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

ரெஜின் ஏசா.
"அடிக்கதுக்கா ஓடணும், கெட்டிப்பிடிக்கதுக்கா?"
அவள் பக்கத்தில் போகும்வரை
அவளுக்குத் தெரியக்கூடாது, ஓடு என்றேன்.
உனக்கும் தெரியவேண்டாம்.

ஓடினான். செருப்பு ஒரு பக்கம் போயிற்று.
கையை விரித்தானே தவிர
நிற்க அவனுக்குத் தெரியவில்லை.
யாக்கோபையும் அள்ளிக்கொண்டு
காணிக்கை எண்ணும் அறைக் கதவில் போய் விழுந்தான்.

உள்ளே அண்ணன். சபைக் கணக்கன்.
பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கிக்கொண்டிருந்தவன்
தலை நிமிர்ந்தான்.
செவ்வாய்க்குப் பிறகு என்னைப் பார்ப்பது அப்போதுதான்.
"எதுக்காக்கும் இவன் இப்பிடி ஓடுதான்?"

"ஏசா" என்றேன்.

பெனிஷா எழுந்து முட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.
ரெஜின் இன்னும் அவள் தோளை விடவில்லை.
அண்ணன் கொஞ்ச நேரம் நாணயங்களையே பார்த்தான்,
எதுவரை எண்ணினோம் என்று மறந்துவிட்டவன்போல.
பிறகு அடுக்கைக் கலைத்து
ஒன்று என்று தொடங்கினான்.