அறிவித்தல்

திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில்
ஒரு சின்னச் சதுரம்.
வரும், நிற்கும், தானாகப் போகும்.
போனபின்னும் கண் அங்கேயே கிடக்கும்,
கடன்காரன் இறங்கிப் போன படியைப் பார்ப்பதுபோல.

ஓல்ட்டன் நகரில், மூன்றாம் மாடியில்,
காப்புறுதிக் கம்பனி ஒன்றுக்காக
ஆலங்கட்டி மழையில் அடிபட்ட கார்களை
படம் பார்த்துக் கணக்கெடுக்கிறவன் நான்.
ஒரு கார், நாற்பத்தேழு பள்ளம்.
நாற்பத்தெட்டை எண்ணுமுன்
கரப்பந்தாட்டக் கழகம் சந்தா கேட்கும்.
தமிழ்ப் பாடசாலை மண்டபச் சாவியைத் தேடும்.
யாரோ ஒருவர் எல்லோருக்கும்
காலை வணக்கம் சொல்லுவார், ரோஜாப் பூவோடு,
பதினொரு மணிக்கு.
நான் திரும்பவும் முதலாம் பள்ளத்திலிருந்து.

மேலாளர் ஸ்பின்டன் நல்ல மனுசன்.
கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று
அரைநாள் வகுப்பு வைத்தார்.
வகுப்பு முடிந்து வந்து பார்த்தேன்,
முப்பத்தொரு மின்னஞ்சல்.
அதில் நாலு, வகுப்பைப் பற்றி.

வெள்ளி இரவு, பிள்ளை படுத்தபின்,
அமைப்புகளுக்குள் இறங்கினேன்.
ஒலி, வேண்டாம்.
பதாகை, வேண்டாம்.
சிவப்புப் புள்ளி, அதுவும் வேண்டாம்.
சந்தா, சாவி, தள்ளுபடிச் சப்பாத்து,
நனைந்துகொண்டிருப்பவனிடம்
மழை வரலாம் என்று சொல்லும் செயலி,
ஊர் ஒன்றியம்.
ஒன்றியத்தில் மட்டும் விரல் கொஞ்சம் நின்றது.
எவ்வளவு காலத்துக்கு என்று அது கேட்டது:
எட்டு மணித்தியாலம், ஒரு கிழமை, எப்போதும்.
எப்போதும் என்றேன்.

என்ன சுகம்!
பத்து நாள் மூலை வெறும் மூலையாகக் கிடந்தது.
மனைவி சொன்னது
இரண்டாம் தரம் கேட்காமலே விளங்கியது.
ஸ்பின்டன் என் கணக்கைப் பார்த்து
கட்டைவிரலை உயர்த்தினார்,
நேரில் வந்து, உண்மையான விரலை.

பதினோராம் நாள் மரப்பாலத்தில்
திலகேஸ்வரி அக்கா எதிரே வந்தா.
கையில் ஒரு பை, லீக்ஸ் தலை நீட்டியபடி.
"அண்ணைக்கு முழங்கால் இப்ப எப்பிடி?"
சிரித்துக்கொண்டு கேட்டேன்.
சிரித்துக்கொண்டு.

அக்கா பையை நிலத்தில் வைத்தா.
"அறிவித்தல் போட்டனாங்கள் தம்பி."

பின்னால் ஒரு சைக்கிள் மணியடித்தது.
இரண்டு பேரும் ஒதுங்கி வழி விட்டோம்.
அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்று
எனக்கு ஞாபகமில்லை.
பையைத் தூக்கிக் கொடுத்திருப்பேன்.

செத்தவருக்கும் அதே சொல்,
தள்ளுபடிச் சப்பாத்துக்கும் அதே சொல்.
ஒரே கதவு, ஒரே பூட்டு.
இதில் எதை மொழியிடம் போய்க் கேட்பது?

இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகளை
மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன்.
கும்பிட்ட கைகள், கும்பிட்ட கைகள்,
நடுவில் ஒரு ரோஜா, காலை வணக்கம்,
திரும்பக் கும்பிட்ட கைகள்.
அதற்கும் மேலே, இரண்டு குத்துவிளக்குக்கு இடையில்
குணநாயகம் அண்ணை,
யாருடையதோ கல்யாணத்தில் எடுத்த படம்,
கழுத்துப்பட்டி கொஞ்சம் கோணல்.
தகனம், புதன்கிழமை,
காலை ஒன்பது முதல் பதினொன்று வரை.

ஒன்றியத்தைத் திறந்துவிட்டேன்.
பிறகு, ஏனென்று தெரியாது,
புதன்கிழமைக் கோப்பையும் திறந்தேன்.
ஒன்பதரை மணி. வெள்ளைக் கார்.
கூரையில் எழுபது, முன்மூடியில் நாற்பது.
எல்லாம் சரியாக எண்ணியிருக்கிறேன்.
ஒரு பள்ளமும் தவறவில்லை.