கேட் மூடியிருந்த நேரம்

நீடாமங்கலம் ரயில்வே கேட் விழுந்தால்
என் கடைக்குப் பத்து நிமிஷம் ஓசி விளம்பரம்.
நிற்கிற பஸ்ஸெல்லாம் படிக்கும்:
லில்லி மோட்டார் ஒர்க்ஸ்
காயில் கட்டித் தரப்படும்.

அப்படி நின்ற ஒரு தம்பிதான்
பைக்கை ஓரங்கட்டி உள்ளே வந்தான்.
வெப்சைட். பதினெட்டாயிரம்.
வருஷா வருஷம் மூவாயிரம்.

யார் தேடுவா என்றேன்.
நட்ட நாலாம் நாள் மோட்டார் புகைந்தவன்
போனைத் தடவிக்கொண்டா நிற்பான்?
பக்கத்து வயலைப் பார்த்துக் கத்துவான்.
அங்கே மோட்டார் கொட்டகைச் சுவரில்
கரியால் கிடக்கிறது என் நம்பர்,
கடைசி ஏழு ஒன்று மாதிரி.

சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டினான்.
'எங்களைப் பற்றி' — கீழே ஆறு கோடு.
செம்புக்கம்பி, வார்னிஷ், ஐந்து எச்.பி.
இதெல்லாம் என்னைப் பற்றியா?

சரக்கு ரயில் போய் முடிந்தது.
ஹாரன் சத்தத்துக்கு நடுவில்
வண்டியை உதைத்தபடி கேட்டான்:
"மேம்பாலம் வந்துட்டா, அக்கா?"

ராத்திரி காயில் சுற்றினேன்.
நாற்பத்திரண்டா, மூன்றா...
இருபது வருஷத்தில் எண்ணிக்கை தவறியதில்லை.
மொத்தத்தையும் அவிழ்த்தேன்.

படிவத்தில் முதல் கோட்டின் மேல்
நம்பரை மட்டும் எழுதினேன்.
ஏழை ஏழு மாதிரியே.