கூரைக்குக் கீழே நான்கு எண்கள்

ஓல்ட்டனில் ஜூலை.
கூரைக்குக் கீழே வாடகை மலிவு,
ஏனென்று இப்போதுதான் தெரிகிறது.
பகல் முழுக்க ஓடு குடித்த வெயிலை
இரவு பதினொன்றுக்கு மேல்
என் உச்சியில் கொப்பளிக்கிறது.

திரையின் மூலையில் நான்கு எண்கள்:
நாற்பத்தெட்டு, ஐம்பத்து மூன்று,
ஐம்பத்தாறு, நாற்பத்தொன்பது.
காய்ச்சல் அளக்கும் தாய்போல என்று எழுத வந்தேன்.
இல்லை,
கடன்காரன் அழைப்புமணி கேட்டவள்போலத்தான்
பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான்கு வன்தட்டுகள்.
நூற்றுப் பதினேழு கல்யாணம்,
முப்பதோ என்னவோ சாமத்திய வீடு,
ஒரு கடைத்திறப்பு
(கத்தரிக்கோல் வராமல் முதலாளி
ரிப்பனைப் பல்லால் கடித்தது உட்பட).
இரண்டாம் பந்திக்கு நிற்பவர்கள் மாதிரி
ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சுவிட்டபடி
இரும்புக் கூட்டுக்குள் நிற்கின்றன.

நடுவில் நிற்பதுதான் ஐம்பத்தாறு.
அதில் மயூரதன், துஷ்யந்தி:
மூன்று கமரா, ஏழு மணி இருபது நிமிடம்.
போன மாதம் அவன் எடுத்தான்,
'அழிச்சுவிடுங்கோ அக்கா.'
மிச்சம் எண்ணூறு ஃபிராங்க் பற்றி மூச்சில்லை.
நேற்று அவள் எடுத்தாள்,
'எல்லாம் வேண்டாம்.
பந்தியில பாயசம் கொட்டுப்பட நான் சிரிப்பன்,
அது மட்டும்.'

எந்தக் கமரா, எத்தனையாம் மணி.
தேடத் தேடச் சூடு ஏறுகிறது.
ஐம்பத்தேழு.
உள்ளே ஏதோ ஒன்று
இருந்திருந்து நகம் கடிக்கிறது.

பக்கத் தகட்டைக் கழற்றினேன்.
திறந்தால் குளிரும்,
இதற்கொரு படிப்பு வேண்டுமா?
ஐம்பத்தெட்டு.

குனிந்து கை நீட்டிப் பார்த்தேன்.
முகப்பு விசிறியின் காற்று
தட்டுகளைத் தொடாமலே
திறந்த பக்கத்தால் நழுவி
என் முழங்காலில் வந்து குந்துகிறது.
எங்கும் வழி என்றானபின்
இடுக்குக்குள் ஏன் நுழையும்?

வெயில் ஏற ஏற
இந்தத் தெருவில் ஜன்னல் பலகைகளை அடைப்பார்கள்.
வந்த புதிதில் நினைத்தேன்,
எல்லாம் செத்தவீடாக்கும் என்று.

அணைத்தேன்.
முன்வலையை இழுத்தால்
சாம்பல் நிறத்தில் ஒரு முழுப் பூனை.
பழைய பல்தூரிகையால் சுரண்டிக் கழுவி
ஜன்னலில் காயவைத்தேன்.
கூட்டில் ஆறு தட்டு இடம்.
வயர் எட்டவில்லை என்று
நான்கையும் மேலே நெருக்கியவள் நானே.
நீள வயர் ஒன்று தேடி எடுத்து
ஐம்பத்தாறுக்கு மட்டும்
மேலும் கீழும் வெறுமை விட்டேன்.
பின் விசிறியின் விளிம்பில்
எறும்பளவில் ஓர் அம்பு.
அது உள்ளே பார்த்தது.
நான்கு வருடமாய் அந்த விசிறி
வெளியேற வேண்டிய சூட்டை
மெனக்கெட்டு உள்ளே ஊதியிருக்கிறது.
அதைப் போட்டதும் நானே.

அதிர்வு கேட்காமலிருக்க
மகளின் அழிறப்பரை நான்காய் அரிந்து
தட்டுக்கு அடியில் செருகினேன்.
காலையில் ஒரு சண்டை இருக்கிறது.

மூடினேன். இம்முறை இறுக்கி.
ஐம்பது. நாற்பத்தாறு. நாற்பத்திரண்டு.

தரைக்கு அடியிலிருந்து டக், டக்.
திருமதி அஃபோல்ட்டரின் விளக்குமாற்றுத் தடி.
பத்து மணிக்குமேல்
குளிக்கவும் பயப்படும் கட்டடம் இது.
விசிறியை ஒரு படி இறக்கினேன்.
நாற்பத்தைந்து.
இருக்கட்டும், அவவும் நித்திரை கொள்ளவேணும்.

இரண்டு பத்துக்கு அகப்பட்டது.
மூன்றாம் கமரா.
பாயச வாளி சரிய,
நெற்றிச்சுட்டி ஒருபக்கம் இழுபட,
வாயைப் பொத்த மறந்து
பதினொரு விநாடி சிரிக்கிறாள்.
மயூரதன் சட்டகத்தில் இல்லை.
கை கழுவப் போயிருப்பான்.

அவளுக்கு ஒரு பிரதி எடுத்தேன்.
அவனுக்கு அழிப்பதா?
எண்ணூறு வரட்டும், பார்ப்போம்.

தண்டவாளப் பக்கம் ஒரு சரக்கு ரயில்
எண்ண முடியாத நீளத்துக்குப் போகிறது.
மேசையில் ஒரு திருகாணி மிச்சம்.
எதனுடையதென்று தெரியவில்லை.
பெட்டி ஓடுகிறது.
நாற்பத்து மூன்று.