ஞாயிற்றுக்கிழமைக் கையெழுத்து

டெஸ்கர் ரோட்டில் என் கடை:
ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு முக்காலி,
சுவருக்கு அந்தப் பக்கம் பரோட்டா கொத்தும் சத்தம்.

மாயழகு கேட்டது ஒன்றே ஒன்று.
"ஃபோர்மன் பேசுறது பதிவாகணும்க்கா.
ஓவர்டைம் மணிக்கணக்கைப்
போனுலதான் ஒத்துக்கிறாரு.
சம்பளச் சீட்டுல வரமாட்டேங்குது."

மூன்று கை மாறிய ஐபோன்.
யார் பேச்சையும் பதியவிடாத உத்தமம்.

உள்ளே வரிசையாகக் காவலர்கள் என்றேன்.
முதல் ஆள் சில்லிலேயே பிறந்தவன்.
அடுத்தவனின் முத்திரையைச் சோதித்துத்தான் எழுப்புவான்,
அவன் அதற்கடுத்தவனை.
ஒருவனும் ஒருவனை நம்புவதில்லை.
அதற்குத்தான்
நம்பிக்கைச் சங்கிலி என்று பெயர்.

"எங்க யார்டு கேட்டு மாதிரி" என்றான்.

ஜெயிலை உடைப்பதில் ஒரு வகை,
கயிற்றில் கட்டியது.
அணைந்துவிட்டால் கணினியோடு கோத்தால்தான் கண் திறக்கும்.
துவாஸில் நடுராத்திரி சார்ஜ் தீர்ந்தால்
விடியும்வரை கையில் வெறும் கண்ணாடி.
"வேணாம்க்கா. பர்மிட்டுல ஏற்கெனவே
அப்படித்தான் கட்டியிருக்காங்க."

கயிறே இல்லாததும் உண்டு,
எத்தனை முறை அணைத்தாலும் திறந்தே எழும்.
என் முதல் போனில் இருந்தது.
இப்போது அப்படியொரு ஓட்டை தெரிந்தவன்
நம் தெருவுக்கு வந்து விற்கமாட்டான்.

அவனுக்கு வைத்தது இடைப்பட்ட ரகம்.
திரையில் ஒரு சின்னச் செயலி.
அணைந்து எழுந்தபின் அவனே தட்டலாம்;
கெர்னலின் நினைவில் விரிசல் தேடி
காவலன் தலை திரும்பும் நேரத்தில்
ஒரு வரியை மாற்றி எழுதும்.
முதல் தட்டில் தவறும்.
இரண்டாவதிலும்.
ஆனால் செயலிக்கு நான் போடும் இலவசக் கையெழுத்து
ஏழே நாளில் செத்துவிடும்.

ஆகவே ஞாயிறுதோறும் வந்தான்.
பையில் கட்டிய கோப்பியோடு.
நான் வடம் செருகிக் கையெழுத்தைப் புதுப்பித்து
பதிவுகளைப் பென்டிரைவில் இறக்குவேன்.
பதினொன்று. பத்தொன்பது. இருபத்தாறு.
ஃபோர்மனின் குரலை ஒருநாளும்
எனக்குப் போட்டுக் காட்டியதில்லை.

ஒன்பதாம் ஞாயிறு காணோம்.

பத்தாம் ஞாயிறு போனை மட்டும் நீட்டினான்.
அறைக்காரன் தூக்கக் கலக்கத்தில்
'புதுப்பி' என்று வந்ததைத் தட்டியிருக்கிறான்.
விரிசல் பூசப்பட்டுவிட்டது.

"இருபத்தாறையும் ஆபீஸ்ல குடுத்துட்டேன்.
அதுக்கப்புறம் தினம் கூப்பிடுறாருக்கா.
இப்பத்தான் நெசமாப் பேசுறாரு."

போனைத் திருப்பி மாடல் எண்ணைப் பார்த்தேன்.
இதில் ஒரு பிழை இருக்கிறது, சொன்னேன்,
முதல் காவலனுக்குள்ளேயே.
தொழிற்சாலையில் பொறித்தது.
எந்தப் புதுப்பிப்பும் அதை எட்டாது.

வெல்டருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.
"வார்ப்புல விழுந்த ஓட்டை.
மேல எத்தனை பெயின்ட் அடிச்சாலும் இருக்கும்."

ஆனால் இது பாதிக் கயிறு.
அணைந்தால் எழும், நல்ல பிள்ளையாக,
உடைத்ததையெல்லாம் மறந்து.
நினைவூட்ட என் கணினிக்குத்தான் வரவேண்டும்.

சற்று யோசித்தான்.
"உங்களோட கட்டுறதுதானே, கட்டுங்க."

இரண்டு பொத்தானையும் அழுத்து.
பத்து எண்ணு.
இப்போது பவரை விடு,
வால்யூமை விடாதே,
விடாதே.

தீப்பொறித் தழும்புள்ள கட்டைவிரல்
அசையாமல் அழுத்திக்கொண்டிருந்தது.
"ஒண்ணுமே தெரியலியேக்கா" என்றான்.

திரை கறுப்பாகவே இருந்தால்
சரியாகத்தான் செய்திருக்கிறோம்.